இரண்டால் பெருக்கினால் மட்டும் படம் நேராகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்சியைப் பக்கவாட்டில் ஒடுக்கிப் பதிவுசெய்யும், பிறகு கணினியில் அகலத்தை விரித்துப் பார்க்க வேண்டிய அனமார்ஃபிக் லென்ஸ் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சினிமாவுக்கென்று உருவான இந்த லென்ஸை ஸ்டில் கேமராவில் மாட்டிப் படமெடுப்பவர்கள் பெருகிவரும் நேரத்தில் அது தேவையான கட்டுரைதான். ஆனால் “எடுத்த படத்தின் அகலத்தை இரண்டால் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தவறு என்பதற்கான சாட்சி கட்டுரையோடு அச்சான படத்திலேயே இருக்கிறது. படத்தின் நடுவில், கேமராவுக்கு நேராக ஒரு சுவர்க் கடிகாரம் தெரிகிறது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். குறுக்கே 21 மி.மீ., உயரம் 20 மி.மீ. வட்டமாக இருக்க வேண்டியது 5 சதவீதம் அகன்றுவிட்டது. 2-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.9 வரும். அந்த லென்ஸ், அந்தத் தூரத்தில், காட்சியை ஒடுக்கியது 1.9 மடங்குதான். விரித்தது 2 மடங்கு. கடிகாரத்தின் அருகில் நிற்பவரின் முகமும் அதே அளவுக்கு உப்பியிருக்கிறது. கடிகாரம் அகன்றால் யாருக்கும் நஷ்டமில்லை. மனித முகம் 5 சதவீதம் அகன்றால், காரணம் தெரியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும்.

அனமார்ஃபிக் லென்ஸில் இருக்கும் உருளை வடிவக் கண்ணாடிகள் காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் ஒடுக்கும், உயரத்தைத் தொடாது. பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி கிரெத்தியென் 1920-களில் உருவாக்கிய ஹைப்பர்கோனார் என்ற அமைப்புதான் 1953-ல் சினிமாஸ்கோப்பாகத் திரைக்கு வந்தது. அதன் ஒடுக்கம் 2 மடங்கு. இன்று 1.33, 1.5, 1.6, 1.8, 2 என்று பல விகிதங்களில் லென்ஸ்கள் கிடைக்கின்றன. 3:2 சென்சாரில் 1.33 லென்ஸை மாட்டினால் விரித்த படம் ஏறத்தாழ 2:1 ஆகும், 1.6 என்றால் 2.4:1, 2 என்றால் 3:1. ஆனால் லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண் தொலைவில் உள்ள காட்சிக்கு உரியது. பழைய வடிவமைப்புகளில், கிட்டே ஃபோகஸ் செய்யச் செய்ய ஒடுக்கம் குறைந்துகொண்டே வரும். சினிமாஸ்கோப்பின் தொடக்க காலத்திலேயே குளோசப்பில் நடிகர்களின் முகம் வீங்கித் தெரிந்தது. லென்ஸுக்குள் எதிரெதிராகச் சுழலும் வலுக்குறைந்த உருளைக் கண்ணாடி ஜோடி ஒன்றை வைத்துப் பானவிஷன் நிறுவனம் அதற்குத் தீர்வு கண்டது. அந்தத் தீர்வு எல்லா லென்ஸிலும் கிடையாது. பழைய புரொஜெக்டர் லென்ஸைச் சாதாரண லென்ஸின் முன்னால் அடாப்டராக மாட்டுபவர்களுக்கு அறவே கிடையாது.

கிட்டே வந்தால் ஏன் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சாதாரண லென்ஸ் காட்சியை ஒரே புள்ளியிலிருந்து பார்க்கிறது. அனமார்ஃபிக் லென்ஸ் அகலத்தை ஒரு புள்ளியிலிருந்தும் உயரத்தை வேறொரு புள்ளியிலிருந்தும் பார்க்கிறது. உருளைக் கண்ணாடி முன்னால் இருக்கும் அமைப்பில், அகலத்துக்கான புள்ளி சற்று முன்னே தள்ளியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் நிற்கும் பொருள் அகலத்தின் கணக்கில் 95 செ.மீ. தூரத்திலும், உயரத்தின் கணக்கில் 100 செ.மீ. தூரத்திலும் இருக்கிறது. 2 மடங்கு ஒடுக்கம் 1.9 ஆகிவிடும். இரண்டு மீட்டரில் அது 1.95, ஐந்து மீட்டரில் 1.98. ஃபோகஸ் செய்யக் கண்ணாடிகள் நகர்வதால் வரும் மாற்றம் இதற்கு மேல் சேரும். இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரே படத்தில் ஒரு மீட்டரில் இருக்கும் முகத்துக்கும் ஐந்து மீட்டரில் இருக்கும் சுவருக்கும் ஒடுக்கம் ஒன்றல்ல. எந்த எண்ணால் விரித்தாலும் இரண்டில் ஒன்றுதான் சரியாக வரும். முக்கியமான பொருள் எதுவோ அதற்குரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். படங்களை ஒட்டிப் பனோரமா செய்பவர்களுக்கும் இதே கணக்குதான். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது அகலத்துக்கான புள்ளி சுழல் அச்சின் மேல் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, சொந்த லென்ஸை அளப்பது. வளையாத அட்டையில் 40 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை அச்சிட்டு ஒட்டுங்கள். சதுரத்தின் நடுவில் ஒரு சிறு கண்ணாடித் துண்டை, முகம் பார்க்கும் கண்ணாடிதான், தட்டையாகப் பதியுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும்போது லென்ஸின் பிம்பம் அந்தத் துண்டிலும், துண்டு ஃபிரேமின் நடுவிலும் தெரிந்தால், அட்டையும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. இல்லையென்றால் அட்டை சாய்ந்திருக்கிறது. அப்படி அளந்தால் சாய்வால் வந்த குறுக்கத்தையும் லென்ஸின் கணக்கில் சேர்த்துவிடுவோம். வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 5.6 அல்லது 8-க்கு மூடி, நீங்கள் வழக்கமாகப் படமெடுக்கும் தூரங்களில் ஒவ்வொன்றாக எடுங்கள். லென்ஸின் மிகக் கிட்டிய ஃபோகஸ், 2 மீட்டர், 5 மீட்டர் என்று மூன்று தூரங்கள் போதும்.

அளக்கும்போது சதுரத்தின் ஓரக் கோடுகளைத் தொடராமல், இடப்பக்கத்தின் நடுவிலிருந்து வலப்பக்கத்தின் நடுவுக்கும், மேல் நடுவிலிருந்து கீழ் நடுவுக்கும் பிக்சலை எண்ணுங்கள். ஓரக் கோடு வளைந்திருந்தால் அளவு பொய்யாகும். அகலம் 742 பிக்சல், உயரம் 1400 பிக்சல் என்று வந்தால் விகிதம் 1.887. இத்தோடு நிறுத்தக் கூடாது. பிரிண்டர்கள் காகிதம் நகரும் திசையில் ஒரு அளவும் குறுக்கே வேறொரு அளவுமாக அச்சிடுவது உண்டு. நாம் ‘சதுரம்’ என்று நம்புவது சதுரமாக இல்லாமல் இருக்கலாம். அதனால் அட்டையை 90 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு படம் எடுங்கள். இம்முறை 738-க்கு 1401, அதாவது 1.898 என்று வந்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.893. அச்சின் பிழை அதில் அடிபட்டுப் போய்விடும். அந்தத் தூரத்துக்கு உங்கள் லென்ஸின் உண்மையான எண் அதுதான்.

பந்தையோ முகத்தையோ ஃபிரேமின் ஓரத்தில் வைத்து அளப்பவர்கள் உண்டு. அது சரிவராது. 36 மி.மீ. அகலச் சென்சாரில் 50 மி.மீ. ஃபோகல் லெங்க்த் (குவியத் தூரம்) உள்ள இரண்டு மடங்கு லென்ஸ், அகலத்தில் 25 மி.மீ. லென்ஸுக்குச் சமம். பார்வைக் கோணம் ஏறத்தாழ 71 டிகிரி. அவ்வளவு அகலமான காட்சியைத் தட்டையான பரப்பில் நேர்கோடு கெடாமல் வரைந்தால், ஓரத்தில் இருக்கும் உருண்டை உயரத்தைவிட 23 சதவீதம் அகலமாகத்தான் விழும். குறையே இல்லாத லென்ஸிலும் அப்படித்தான். அதைப் பார்த்து ஒடுக்க விகிதத்தைக் குறைத்தால் நடுவில் இருப்பவர்கள் ஒல்லியாகிவிடுவார்கள். அளவுக்கு, மேலே சொன்ன அட்டை போன்ற தட்டையான சார்ட் மட்டுமே பயன்படும்.

அதேபோல, பின்னணியில் மங்கலாகத் தெரியும் விளக்கு வட்டங்களைப் பார்த்து விரிக்கக் கூடாது. உருளைக் கண்ணாடி முன்னால் இருக்கும் அனமார்ஃபிக் லென்ஸின் படத்தில் ஃபோகஸில் இல்லாத ஒளிப்புள்ளிகள், படத்தைச் சரியாக விரித்த பிறகும் நெடுக்கான நீள்வட்டமாகவே இருக்கும். அது இந்த லென்ஸின் இயல்பு. அவை முழு வட்டமாகும்வரை படத்தை இழுத்தால், ஃபோகஸில் இருக்கும் அத்தனையும் அளவுக்கு மீறி அகன்றுபோகும்.

கிட்டத்துப் படங்களில் விகிதம் மாறும் தொல்லையை எடுக்கும்போதே தவிர்க்க ஒரு வழி உண்டு. லென்ஸையும் அடாப்டரையும் இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) நிறுத்திவிட்டு, முன்னால் டயாப்டர் எனப்படும் குளோசப் கண்ணாடியை மாட்டினால், ஃபோகஸ் தளத்தில் ஒடுக்கம் லென்ஸின் இயல்பான எண்ணிலேயே நிற்கும். +0.5 டயாப்டர் 2 மீட்டரிலும், +1 ஒரு மீட்டரிலும், +2 அரை மீட்டரிலும் ஃபோகஸ் தரும். ஒரே வளையத்தால் ஃபோகஸ் செய்ய முன்னால் மாட்டும் சிங்கிள் ஃபோகஸ் இணைப்புகள் வேலை செய்வதும் இதே முறையில்தான்.

இனி, கட்டுரை தொடாமலே விட்ட கோணலுக்கு வருகிறேன். அடாப்டர் பயன்படுத்துபவர்களின் படங்களை அதிகம் கெடுப்பது இதுதான். உருளைக் கண்ணாடியின் அச்சு சென்சாரின் நெடும்பக்கத்தோடு சரியாகப் பொருந்தாமல் ஓரிரு டிகிரி திரும்பியிருந்தால், செவ்வகம் சாய்சதுரம்போல் ஒருபக்கமாகச் சாயும். பார்ப்பவர் கேமரா சாய்ந்துவிட்டது என்று எண்ணிப் படத்தைச் சுழற்றுவார். ஜன்னலின் நிலைக்கால் நேரானால் அதன் அடிக்கட்டை சாயும், அடிக்கட்டையைச் சரிசெய்தால் நிலைக்கால் சாயும். எத்தனை முறை சுழற்றினாலும் தீராது, ஏனென்றால் நெடுக்குக் கோடுகளும் குறுக்குக் கோடுகளும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருக்கின்றன. 2 மடங்கு லென்ஸில் அச்சு 2 டிகிரி தவறினால், விரித்த படத்தில் நெடுக்குக் கோடு ஒருபக்கம் 2 டிகிரியும் குறுக்குக் கோடு மறுபக்கம் 1 டிகிரியும் சாயும். 1.33 லென்ஸில் இதே தவறு முறையே 0.7, 0.5 டிகிரிதான் காட்டும். 1.33 லென்ஸில் பழகியவர்கள் 2 மடங்குக்கு மாறியதும் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

இதையும் அளந்துவிடலாம். தூக்குக் குண்டு கட்டிய நூல் ஒன்றையும், ரசமட்டம் வைத்து நேராக்கிய ஒரு சட்டத்தையும் சேர்த்துப் படமெடுத்து, விரித்து, இரண்டின் சாய்வையும் பாருங்கள். இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு சாய்ந்தால் கேமராதான் சாய்ந்திருக்கிறது, சுழற்றினால் போதும். எதிரெதிராகச் சாய்ந்தால் அச்சு தவறியிருக்கிறது. நூல் வலஞ்சுழியாக 1.9 டிகிரி, சட்டம் இடஞ்சுழியாக 0.8 டிகிரி என்றால் இடைக்கோணம் 2.7. இரண்டு மடங்கு லென்ஸுக்கு அதை 1.5-ஆல் வகுத்தால் 1.8 டிகிரி, அச்சு அவ்வளவு திரும்பியிருக்கிறது. மற்ற லென்ஸ்களுக்கு ஒடுக்க விகிதத்திலிருந்து அதன் தலைகீழைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும்: 1.8-க்கு 1.24, 1.5-க்கு 0.83, 1.33-க்கு 0.58. ஏற்கெனவே எடுத்த படத்தைச் சரிசெய்ய ‘ஸ்கியூ’ கருவி வேண்டும். மேல் விளிம்பைப் பக்கவாட்டில் நகர்த்தி நெடுக்குக் கோட்டை அந்த 2.7 டிகிரி முழுவதும் திருப்புங்கள். 4000 பிக்சல் உயரப் படத்தில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே இது 189 பிக்சல் நகர்வு. இப்போது இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகி, ஒரே திசையில் 0.8 டிகிரி சாய்ந்து நிற்கும். அதைச் சுழற்றி எடுத்துவிடலாம்.

எடுக்கும்போதே தவிர்ப்பதுதான் மேல். இருட்டறையில் கேமராவுக்கு எதிரே ஒரு சிறு டார்ச்சை ஏற்றினால், அனமார்ஃபிக் லென்ஸுக்கே உரிய ஒளிக்கீற்று ஃபிரேமின் குறுக்கே ஓடும். கேமரா திரையில் கிரிட் கோட்டைப் போட்டு, கீற்று அதற்கு இணையாக வரும்வரை அடாப்டரைத் திருப்பி, கிளாம்ப் திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே திருகை முழுவதும் இறுக்கினால் அடாப்டர் கடைசி நொடியில் திரும்பிவிடும். முன்பக்கம் சுழலும் ஃபோகஸ் வளையம் உள்ள லென்ஸின் மேல் அடாப்டரை மாட்டினால், ஒவ்வொரு முறை ஃபோகஸ் மாற்றும்போதும் அச்சு மாறும். அதற்கு, ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலாத லென்ஸ்தான் தேவை.

அடுத்தது வரிசை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன. அடிப்படை எளிது. வெளிச்சம் கடைசியாக எதைக் கடந்து சென்சாரை அடைந்ததோ, அதன் குறையை முதலில் நீக்க வேண்டும். அடாப்டர் அமைப்பில் வெளிச்சம் முதலில் உருளைக் கண்ணாடியையும் பிறகு சாதாரண லென்ஸையும் கடக்கிறது. ஆகவே அந்தச் சாதாரண லென்ஸின் பீப்பாய் வளைவு (நேர்கோடுகள் வெளிப்பக்கம் உப்புவது), ஓர இருட்டு ஆகியவற்றை, விரிப்பதற்கு முன், ஒடுங்கிய படத்திலேயே, அந்த லென்ஸுக்கென்று மென்பொருளில் இருக்கும் திருத்தக் குறிப்பான புரொஃபைல் கொண்டு நீக்குங்கள். விரித்த பிறகு அதே புரொஃபைலைப் போட்டால், வட்டமான வளைவுக்கென்று கணக்கிட்ட திருத்தம் நீள்வட்டமான வளைவின் மேல் விழும், கோடுகள் புது மாதிரியாக நெளியும். நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகள், அதன் நீக்கமும் விரிப்புக்கு முன்னால்தான். விரித்துவிட்டால் ஒவ்வொரு நாய்ஸ் புள்ளியும் பக்கவாட்டில் நீண்ட கோடாகி, மென்பொருளுக்கு அது காட்சியின் பகுதியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் நேர்மாறு. ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் சேமித்த மூலத்தை) மென்பொருளில் திறக்கும்போதே அதைப் பூஜ்யமாக்குங்கள். முன்கூட்டியே ஷார்ப் செய்து விரித்தால், நெடுக்கு விளிம்புகளின் இருபக்கமும் வெள்ளைக் கோடு இரண்டு மடங்கு தடிமனாக நிற்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. படத்தை நேராகச் சுழற்றுவதும், உயரமான கட்டடத்தின் சாய்வை நிமிர்த்துவதும் விரித்த பிறகே. ஒடுங்கிய படத்தைச் சுழற்றி அதன்பின் விரித்தால், மேலே சொன்ன அதே சாய்சதுரக் கோணலை நாமே உண்டாக்குகிறோம்.

விரிப்பதற்கு எந்த மென்பொருளும் போதும், ஆனால் சில இடங்களில் ஏமாறலாம். ஃபோட்டோஷாப்பின் வியூ மெனுவில் பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று ஒன்றும், அதில் அனமார்ஃபிக் 2:1 என்று ஒரு தேர்வும் உண்டு. அது திரையில் காட்டுவதை மட்டுமே மாற்றும். ஜேபெக்காகச் சேமித்து வேறிடத்தில் திறந்தால் படம் ஒடுங்கியபடியே இருக்கும். இமேஜ் சைஸுக்குப் போய், அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, அகலத்தில் மட்டும் 189.3 சதவீதம் என்று கொடுங்கள். ஜிம்ப்பிலும் இதேதான். டார்க்டேபிள் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்கள், சுழற்சியையும் பெர்ஸ்பெக்டிவையும் திருத்தும் மாட்யூலில் லென்ஸ் மாடலை ‘ஸ்பெசிஃபிக்’ என்று மாற்றினால், 0.5 முதல் 2.0 வரை நகரும் ஆஸ்பெக்ட் ஸ்லைடர் ஒன்று தோன்றும். லைட்ரூமின் ஆஸ்பெக்ட் ஸ்லைடரில் விகித அளவு குறிக்கப்படவில்லை, கண்மட்டத்தில்தான் வைக்க முடியும், அளந்து கண்ட எண்ணை அங்கே போட வழியில்லை. டிஎன்ஜி என்ற வகை ரா ஃபைலில் டிஃபால்ட் ஸ்கேல் என்ற டேக் இதற்கென்றே இருக்கிறது. சதுரமல்லாத பிக்சலுக்காக அகலம், உயரம் இரண்டுக்கும் தனித்தனிப் பெருக்கெண் அதில் எழுதப்படும். பிரதி ஒன்றில் மட்டும் அதை மாற்றி, உங்கள் மென்பொருள் அதை மதிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நிறையப் படங்களை ஒரே மூச்சில் விரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில், மென்பொருள் திசைக் குறிப்பைப் படித்துப் படத்தைத் தானாகத் திருப்பிவிடும். லென்ஸ் ஒடுக்கியது சென்சாரின் நெடும்பக்கத்தை. திரும்பிய படத்தில் அது உயரம். ‘அகலத்தை விரி’ என்ற கட்டளை அங்கே தப்பான பக்கத்தை இழுத்துவிடும். நிமிர்ந்த படங்களைத் தனி ஃபோல்டரில் பிரித்துவிடுவது நல்லது.

அகலத்தைக் கூட்டுவதா, உயரத்தைக் குறைப்பதா என்பது படம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. 6000-க்கு 4000 பிக்சல் படத்தை 1.893-ஆல் அகலமாக்கினால் 11358-க்கு 4000, பெரிய அச்சுக்கு இதுவே ஏற்றது. திரையில் மட்டும் காட்டுவதென்றால் உயரத்தைக் குறைத்து 6000-க்கு 2113 ஆக்குங்கள். நாய்ஸும் அடங்கும், பக்கவாட்டில் இருக்கும் மங்கலும் தெரியாது. எதுவானாலும் 16 பிட் டிஃப் ஃபைலில், லான்ஸோஸ் அல்லது பைகியூபிக் என்ற பிக்சல் மறுகணிப்பு முறையில் செய்யுங்கள். விரிப்பு, ஸ்கியூ, சுழற்சி மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் படம் மூன்று முறை மறுகணிப்புக்கு உள்ளாகி மெல்ல மெல்ல மங்கும். மூன்றையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மில் கொடுத்து ஒரே முறை ‘அப்ளை’ செய்வது மேல்.

வளைவுகள் கடைசியில் வருகின்றன, கடினமானவையும் அவையே. சாதாரண லென்ஸின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்று, ஒரே ஸ்லைடரில் அடங்கும். அனமார்ஃபிக் லென்ஸில் அகலத்துக்கு ஒரு வளைவு, உயரத்துக்கு வேறு வளைவு. போதாக்குறைக்கு, நடுவிலும் ஓரத்திலும் ஒடுக்கமே வேறுபடலாம். ஒரே சதுரத்தை ஃபிரேமின் நடுவிலும் ஓரத்திலும் வைத்து எடுத்தால் அது தெரிந்துவிடும். இதற்கு எளிய உபாயம், திருத்தத்தை இரண்டாகப் பிரிப்பது. ஒடுங்கிய படத்தில் லென்ஸ் கரெக்‌ஷன் ஸ்லைடரைக் கொஞ்சம், விரித்த பின் அதே ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்துங்கள். முதலாவது விரித்த படத்தில் நீள்வட்ட வளைவாக வேலை செய்யும், இரண்டாவது முழு வட்டமாக. இரண்டையும் கலந்தால் பெரும்பாலான லென்ஸ்களின் வளைவுக்கு நெருங்கி வந்துவிடலாம். கட்டம் போட்ட ஒரு சார்ட்டில் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டால் அந்தத் தூரத்துக்கு எப்போதும் அவையே.

இன்னும் துல்லியம் வேண்டுவோர், கட்டளைகளை எழுதி இயக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் ‘பேரல்’ கருவியைப் பார்க்கலாம். அதில் அகலத்துக்கு நான்கு, உயரத்துக்கு நான்கு என்று எட்டு எண்களைத் தனித்தனியாகக் கொடுக்க முடியும். பீப்பாய் வளைவை நீக்க மைனஸ் எண்கள். நான்கு எண்களின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்குமாறு கடைசி எண்ணை வையுங்கள், இல்லாவிட்டால் படத்தின் அளவு மாறிவிடும். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் உண்டு. நடுவிலிருந்து அளக்கும் தூரத்தின் அலகு படத்தின் குறும்பக்கத்தில் பாதி. 12000-க்கு 4000 படத்தில் ஓரம் 3 அலகு தள்ளி இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்தோடு பெருகும் இரண்டாவது எண்ணின் விளைவு அங்கே 9 மடங்கு. சாதாரணப் படத்துக்குப் போடும் 0.02 இங்கே ஓரத்தைப் பிய்த்து எறியும். 0.001-ல் தொடங்கி ஏற்றுங்கள். எண்களோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு ஃபோட்டோஷாப்பின் அடாப்டிவ் வைட் ஆங்கிள் ஃபில்டர் நன்றாக உதவும். வளைந்த கோட்டின் மேல் நாமே கோடு போட்டு ‘இது நேர்’ என்று சொல்கிறோம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு போட்டால் அந்தக் கோடு நெடுக்காகவோ குறுக்காகவோ நிற்கும்.

எல்லாக் கோட்டையும் நேராக்கியே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டடம், அலமாரி, கதவு என்றால் நேராக்குங்கள். ஃபிரேம் முழுக்க மனிதர்கள் நிற்கும் குழுப் படத்தில் முழுத் திருத்தம் கொடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இன்னும் அகலும். அங்கே பாதித் திருத்தத்தோடு நிறுத்துவதுதான் சரி. 3:1 படத்தை 2.39:1-க்கு வெட்டினால் மோசமான ஓரங்கள் தானாகவே போய்விடும். முதலில் வெட்டிப் பார்த்துவிட்டு, மீதி இருப்பதற்கு மட்டும் திருத்தம் தேடுங்கள்.

நெடுக்கு விளிம்புகளில் தெரியும் சிவப்பு, பச்சை ஓரங்களுக்கும் இதே சிக்கல். இந்த லென்ஸ்களில் நிறப்பிரிவு பெரும்பாலும் பக்கவாட்டில்தான். மென்பொருளின் தானியங்கி நீக்கம் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்வதால், பக்கவாட்டில் சரியானது மேலும் கீழும் புதிதாக நிறத்தைக் கிளப்பும். சிவப்பு சேனலைத் தனியே எடுத்து, அதன் அகலத்தை மட்டும், நடுவை மாற்றாமல், சில பிக்சல் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பிறகு நீலத்தையும்.

மென்பொருளால் ஆகாதவையும் உண்டு. அடாப்டர், லென்ஸ் இரண்டையும் தனித்தனியே ஃபோகஸ் செய்யும் அமைப்பில் ஒன்று தப்பினால், குறுக்குக் கோடுகள் கூர்மையாகவும் நெடுக்குக் கோடுகள் மங்கலாகவும் இருக்கும், அல்லது நேர்மாறாக. அதை ஷார்ப்பனிங் மீட்காது. எடுக்கும்போதே ஒரு கூட்டல் குறியைப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டு கைகளும் கூர்மையா என்று சரிபார்க்க வேண்டும். கை நடுக்கத்தை ஈடுசெய்யச் சென்சாரை நகர்த்தும் ஸ்டெபிலைசருக்கு லென்ஸின் ஃபோகல் லெங்க்தைக் கையால் கொடுக்கும்போதும் கவனம் தேவை. 50 என்று கொடுத்தால், அகலத்தில் 25-ஆக நடந்துகொள்ளும் லென்ஸுக்கு அது இரண்டு மடங்கு ஈடுசெய்து, படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். ஸ்டாண்டு இருந்தால் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். கேமரா திரையில் வரும் டீஸ்குவீஸ், அதாவது விரித்துக் காட்டும் காட்சி, நம் கண்ணுக்கு மட்டுமே, ரா ஃபைலில் பிக்சல்கள் ஒடுங்கியபடியே பதிவாகும்.

இத்தகைய படங்களை இனி வெளியிடும்போது தங்களிடம் இரண்டு வேண்டுகோள். புகைப்படக்காரரிடமிருந்து விரித்த படத்தோடு ஒடுங்கிய மூலப் படத்தையும், அவர் விரித்த விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். விகிதம் தவறு என்று பின்னால் தெரிந்தால், விரித்த ஜேபெக்கை மறுபடி ஒடுக்கித் திருத்துவதைவிட மூலத்திலிருந்து செய்வது பல மடங்கு நல்லது. பக்கத்தை வடிவமைப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2.39:1 படம் பத்தியில் அடங்காதபோது அகலத்தை அமுக்கிப் பொருத்தாமல், ஓரத்தை வெட்டிப் பொருத்தட்டும். கட்டுரையாளர் தம் லென்ஸை மேலே சொன்ன முறையில் அளந்து, அதே படத்தைச் சரியான விகிதத்தில் விரித்து அனுப்பினால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். எத்தனை பத்தி எழுதினாலும் புரியாதது அந்த ஒரு ஜோடிப் படத்தில் வாசகர்களுக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்